ஊருணிக் கரை வீடுகளும் இரண்டு லட்சம் ரூபாயும்

கேள்வி: காரைக்குடி நகரின் ஓரத்தில், பழைய ஊருணி ஒன்றின் கரையை ஒட்டி எங்கள் குடியிருப்பு இருக்கிறது. மொத்தம் 64 வீடுகள். பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சில தகரம். பெண்களில் பலர் பலகாரம் சுட்டு விற்கிறோம்; மற்றவர்கள் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பங்குனி பிறந்தால் இரவிலும் வீட்டுக்குள் படுக்க முடிவதில்லை. ஐப்பசியில் ஒரு பெருமழை பெய்தால் கீழ்வரிசை வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. எங்கள் ஊரைச் சேர்ந்த, வெளிநாட்டில் வாழும் குடும்பம் ஒன்று தங்கள் ஆச்சியின் நினைவாக இரண்டு லட்சம் ரூபாய் தர முன்வந்துள்ளது. இளைஞர்கள் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வேண்டும் என்கிறார்கள். சிலர் வீட்டுக்கு வீடு ஏர்கூலர் கேட்கிறார்கள். வேறு சிலர் பட்டா வாங்க வக்கீலுக்குச் செலவழிக்கலாம் என்கிறார்கள். மகளிர் குழுவின் செயலாளராக நான் என்ன முடிவு எடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

இரண்டு லட்சத்தை 64 வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 3,125 ரூபாய் வருகிறது. அந்தத் தொகைக்கு உருப்படியான ஏர்கூலர் கிடைக்காது. கிடைத்தாலும் அதற்கு நாள்தோறும் ஊற்ற வேண்டிய குடம் குடமான தண்ணீரைச் சித்திரை மாதத்தில் யார் சுமப்பது என்ற கேள்வி எழும். மேலும், ஏர்கூலர் தள்ளும் ஈரக்காற்று வெளியேறுவதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள ஒற்றை அறை வீட்டில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். மோட்டாரைப் பொறுத்தவரை நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இறைத்த தண்ணீரை எங்கே விடுவீர்கள்? ஊருணி நிரம்பித் ததும்பும் நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து இறைக்கும் நீர் மீண்டும் அதே தெருவுக்கு வரும், அல்லது அடுத்த தெருவுக்குப் போய்ப் பகையை வளர்க்கும். பட்டா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எனவே இந்தப் பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. இது குழுவுக்குள் மனத்தாங்கலை உண்டாக்கும் என்பதை அறிவேன். ஆனால் வெயிலும் வெள்ளமும் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. மேட்டில் தகரக் கூரையின்கீழ் இருக்கும் வீட்டுக்குத் தேவைப்படுவது வேறு, பள்ளத்தில் எண்பது வயதுப் பெரியவர் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தேவைப்படுவது வேறு. ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பாக, குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த நான்கு பெண்கள் வீடு வீடாகப் போய் ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும். கூரை என்ன வகை, போன மழையில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியது (சுவரில் கறை இருக்கும், அளவுநாடாவால் அளந்துவிடலாம்), மின்சுவிட்சும் பிளக்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன, படுத்த படுக்கையாகவோ கைக்குழந்தையுடனோ கர்ப்பமாகவோ யார் இருக்கிறார்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய்களுக்கு யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள், மழையிரவில் அவர்களைத் தூக்கிச் செல்ல வீட்டில் ஆள் உண்டா என்பவை அதில் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வரும் பெண் தன்னார்வலருக்கு நோயாளிகள் இருக்கும் வீடுகள் ஏற்கெனவே தெரியும், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் பற்றிய விவரம் மட்டும் தனித் தாளில், உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். அது தெருவில் பேசப்படும் செய்தியாகிவிடக் கூடாது.

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். அது மழைக்கு முன்னால் வருகிறது, அதனால் நேரும் சாவுகள் பெரும்பாலும் கணக்கில் வருவதுமில்லை. சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடும்போது வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. இந்த 40 டிகிரி, காற்றோட்டமான இடத்தில் நிழலில் வைத்த கருவி காட்டும் அளவு. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் அடியில், பலகார அடுப்பு எரியும் கொட்டகைக்குள், நீங்கள் அனுபவிப்பது அதைவிட அதிகம். செய்தியில் அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் உங்கள் தெருவுக்கு அது தாமதமான அறிவிப்பாகவே இருக்கும்.

கூரையை வெள்ளையாக்குவதே இருப்பதில் மலிவான, பலன் நிச்சயமான வேலை. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவது பல ஊர்களில் கண்ட அனுபவம். தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அகமதாபாத்தில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு உங்களைப் போன்ற மகளிர் குழுக்களைக் கொண்டே குடிசைப் பகுதிகளில் இதைச் செய்து வருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் சிமெண்ட் கலந்திருப்பதால் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். சுட்ட சுண்ணாம்பை முந்தின நாளே நீரில் தாளித்து, துணியில் வடிகட்டி, பசை சேர்த்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும். மழையில் அது கரைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் திரும்ப அடிப்பதாகத் திட்டமிடுங்கள். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது; அந்த வீடுகளுக்கு மட்டும் வெளிப்பூச்சுக்கான வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் வாங்குங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் படிந்த பாசியையும் அழுக்கையும் கம்பி பிரஷ் கொண்டு உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சில் போய், பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படக்கூடியவை. தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்தபின் மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்; துளை போடுவதோ உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடுவதோ வேண்டாம். அந்தக் கூரையில் வழியும் மழைநீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். தகட்டின் மீது நேராகக் கால் வைத்து ஏறியவர்கள் உடைந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த சம்பவங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு சட்டங்களுக்கு மேல் படும்படி நீளப் பலகை போட்டு, அதன் மீது நின்றே வேலை செய்ய வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடி அணியட்டும். இதற்கெல்லாம் பழகிய வெள்ளையடிக்கும் ஆளை அமர்த்துங்கள். கூலியை மிச்சம் பிடிக்க இளைஞர்களை ஏற்றிவிட வேண்டாம்.

பலன் உண்டா என்று சந்தேகப்படுபவர்கள் இருப்பார்கள். இரண்டு வெப்பமானி வாங்கி, வெள்ளையடித்த ஒரு வீட்டிலும் அடிக்காத ஒரு வீட்டிலும் ஒரே உயரத்தில் மாட்டி, ஒரு வாரத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறித்து வாருங்கள். நாளை மாநகராட்சியிடம் மற்ற தெருக்களுக்கும் கேட்கும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

கூரைக்கு அடியில் மூங்கில் தட்டியோ பாயோ கட்டுவதும் நல்லதே, ஆனால் அடுப்பு எரியும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். தெர்மோகோல் அட்டை எந்த வீட்டிலும் வேண்டாம். தீப்பிடித்தால் அது உருகிச் சொட்டும், புகையும் நஞ்சு.

பலகாரம் சுடும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முறுக்குப் பிழிந்து எண்ணெய்ச் சட்டியின் முன் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு வெயில் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. கழிப்பறை வசதி சரியில்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கம் அவர்களிடையே பரவலாக உண்டு என்பதை மருத்துவரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். எனவே கொட்டகைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கழிப்பறையைச் சரிசெய்வதும் வெயில்காலச் செலவில் சேரும். சுடும் வேலையை விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்து, மாவு சலிப்பதையும் பொட்டலம் கட்டுவதையும் பகலில் நிழலில் வைத்துக்கொள்ளலாம். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் நல்லவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பானகம் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் எப்படிச் சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வெயிலில் ஒருவர் உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வியர்த்துக்கொண்டே மயங்குபவர்களும் உண்டு. 108க்கு ஒருவர் அழைக்கும்போதே மற்றவர்கள் நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறத் தொடங்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டிருக்கிறது. ஆனால் ‘நெஞ்சடைப்பு’ என்று ஊரில் சொல்லி அடக்கம் செய்துவிட்டால் எந்தக் கணக்கிலும் அது வராது.

இப்போது, உங்கள் ஊரில் மட்டுமே சாத்தியமான ஒரு யோசனை. நன்கொடை தரும் குடும்பத்துக்கு உங்கள் பகுதிக்கு அருகில் பூர்வீக வீடு இருக்குமானால், பணத்தோடு அந்த வீட்டின் நிழலையும் கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகள் கனத்த சுவரும், சுண்ணாம்புப் பூச்சும், அடுக்கு ஓடும், சூடான காற்று மேலே போய்விட வானம் பார்த்த முற்றமான வளவும் கொண்டவை. மின்விசிறியே இல்லாத காலத்தில் இந்த வறண்ட பூமியில் வாழ்வதற்கென்று திட்டமிட்டுக் கட்டியவை. தெருவைவிடப் பல படிகள் உயரத்தில் இருப்பதால் மழையிலும் தண்ணீர் ஏறுவதில்லை. ஆண்டில் பெரும்பகுதி அவை பூட்டிக் கிடக்கின்றன. கூப்பிடு தொலைவில் ஒற்றை அறைக்குள் ஆறு பேர் புழுங்குகிறார்கள். கத்திரி வெயில் நாட்களில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை முகப்புத் திண்ணையையும் முதல் வளவையும் மட்டும் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளோடு இருப்போர் ஆகியோருக்குத் திறந்துவிட்டால், அதற்கு இணையான குளிர்நிழல் கூடத்தை எந்த நிதியாலும் கட்ட முடியாது. மழையிரவுகளில் அதுவே அடைக்கல இடமாகும்.

இதில் சிக்கல்கள் உண்டு. அந்த வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சம்மதித்தால் போதாது. சாமான் களவு போகும், தரை பாழாகும், வந்தவர்கள் பிறகு போக மாட்டார்கள் என்ற அச்சங்களை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை பேர், எந்தப் பகுதி மட்டும், சாவி யாரிடம், துப்புரவு யார் என்பதை எழுதி, பங்காளிகள் கையெழுத்திட்ட ஒப்புதலாகப் பெறுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்கோ பாயோ விரித்துக்கொள்ளுங்கள். உள் கட்டுகளுக்குப் போகும் கதவு பூட்டியே இருக்கட்டும். ஒரு கோடையை ஒழுங்காக நடத்திக் காட்டினால் அடுத்த ஆண்டு வேறு குடும்பமும் முன்வரக்கூடும். மறுத்துவிட்டாலும் நஷ்டமில்லை, விடுமுறையில் இருக்கும் அரசுப் பள்ளிக் கட்டடத்தை மாநகராட்சி வழியாகக் கேட்கலாம்.

அடுத்தது மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். இருபதடிக்குப் பதினைந்தடி உள்ள ஒரு கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 2,800 லிட்டர் விழும். உங்கள் 64 கூரைகளிலிருந்து மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் லிட்டருக்கு மேல். தெருவிலும் மேட்டுப் பகுதியிலும் விழுவது தனி. பூமி ஒரு டிகிரி சூடேறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்குகிறது. அதனால்தான் வறண்ட ஆண்டுகளுக்கு நடுவே ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழைகளைப் பார்க்கிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் பெய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மழை குறைந்த பகுதிதான்.

செட்டிநாட்டு ஊர்களை வகுத்தவர்கள் தெருவின் சரிவையும் ஊருணியையும் சேர்த்தே யோசித்தார்கள். கூரை நீர் தெருவோர வாய்க்காலான தெருக்காலுக்கும், தெருக்கால் நீர் வரத்து வாய்க்கால் வழியாக ஊருணிக்கும், ஊருணி நிறைந்தபின் மிகுந்தது அடுத்த நீர்நிலைக்கும் போக வேண்டும். உங்கள் வீடுகளில் தண்ணீர் நிற்கிறதென்றால் இந்தத் தொடரில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பெரும்பாலும் மிகுநீர் வெளியேறும் இடத்தில்தான் இருக்கும், அங்கே மண்ணும் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டியிருப்பார்கள். ஆடி மாதத்தில், தரை காய்ந்திருக்கும்போது, ஊருணியிலிருந்து தண்ணீர் போக வேண்டிய வழியில் அடுத்த நீர்நிலைவரை நடந்து போங்கள். வயதான இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய வழி அவர்களுக்குத்தான் தெரியும். அடைப்புள்ள ஒவ்வோர் இடத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்து, சர்வே எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். ‘வாய்க்கால் தூர்ந்துவிட்டது’ என்ற பொதுவான மனுவுக்குப் பொதுவான பதில்தான் வரும்.

தூர்வாரும் செலவை உங்கள் இரண்டு லட்சத்திலிருந்து செய்ய வேண்டாம். அது மாநகராட்சியின் கடமை. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்துவிட்டது. நமக்கு நாமே திட்டத்திலோ நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்திலோ எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது, பின்னதில் உங்கள் பகுதியினருக்கே கூலியும் கிடைக்கும். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மீதே புதிய சாலை போடுவதால் வீடுகள் பள்ளமாகிப்போவது எங்கும் நடக்கிறது. சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவுக்கு அடுத்த முறை ஒப்பந்தக்காரர் வரும்போது பெண்கள் நின்று அளந்து பார்க்க வேண்டும்.

பணத்தைச் செலவழிக்க வேண்டியது மின்சாரத்தில். வெள்ளத்தில் மூழ்கிச் சாவதைவிட, நின்ற தண்ணீரில் மின்கசிவு பட்டுச் சாவது உங்களைப் போன்ற குடியிருப்புகளில் எளிதாக நடந்துவிடும். கீழ்வரிசை வீடுகளில் சுவரிலுள்ள தண்ணீர்க் கறைக்கு இரண்டடி மேலாக சுவிட்சுகளை உயர்த்தி, ஒவ்வொரு வீட்டுக்கும், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி பொருத்தச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் பார்க்கட்டும். என்னைக் கேட்டால் கூரைக்கு வெள்ளை, கீழ்வரிசைக்கு மின்பாதுகாப்பு, ஒரு கழிப்பறை ஆகிய மூன்றோடு செலவை நிறுத்திவிடுவேன். தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டுகளை மாற்றுவது சில்லறைச் செலவு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் உள்மாவட்டங்களுக்குள்ளும் வந்ததை உங்கள் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். கூரை பறக்காமலிருக்க மேலே கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைப்பது புயல்காற்றில் ஆபத்து.

மீதியை, குறைந்தது நான்கில் ஒரு பங்கையாவது, குழுவின் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மழையால் அடுப்பு எரியாத நாட்களிலும், வெயிலால் வேலைக்குப் போகக் கூடாத நாட்களிலும் கைமாற்றாக, வட்டியில்லாமல், சிறு தொகை தருவதற்கு அது பயன்படும். ‘இன்று வெளியே போகாதீர்கள்’ என்று அன்றாடக் கூலிக்காரரிடம் வெறுங்கையோடு சொல்வதில் பொருளில்லை. குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உறுப்பினர்களின் கணக்கில் பணம் சேரும்படி காப்பீடே ஏற்படுத்தியிருக்கிறது. அந்த அளவுக்கு உங்களால் இப்போது போக முடியாது, ஆனால் நோக்கம் அதுதான்.

கடைசியாகப் பட்டா. மனத்துக்கு வருத்தமான பதிலையே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் இடம் வருவாய்ப் பதிவேட்டில் ஊருணிப் புறம்போக்கு என்றிருந்தால் எந்த வக்கீலாலும் பட்டா வாங்கித் தர முடியாது. நீர்நிலைப் புறம்போக்கை வரன்முறைப்படுத்தக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். முதலில் சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, எந்தெந்த வீடு எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேல்வரிசை நத்தமாக, அதாவது குடியிருப்பு நிலமாக, இருக்கவும் கூடும், அப்படியானால் அவர்கள் தனியாக விண்ணப்பிக்கலாம். கீழ்வரிசையினர் கேட்க வேண்டியது, வேலைக்கு நடந்து போய்வரக்கூடிய தூரத்தில் மாற்று இடம். வெளியேற்ற நோட்டீஸ் வந்தபின் கேட்டால் ஊருக்கு வெகுதொலைவில் எங்கோ ஒரு மாடிக் குடியிருப்பைக் காட்டுவார்கள். பலகாரம் சுடும் தொழில் அங்கே நடக்காது. ஆகவே இப்போதே, நீங்கள் வீடு வீடாகப் போய்த் தயாரித்த பதிவேட்டின் ஒரு நகலோடும் அடைப்புகளின் படங்களோடும், உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, கூட்டத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுநாளில் ஒரு பிரதி கொடுத்து, மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை அழைக்க வேண்டிய எண் 1077. அதை ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறத்திலும், புதிதாக வெள்ளையடிக்கும்போதே, பெரிய எழுத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள்.